மதில் நின்றது, மாடம் வீழ்ந்தது - இங்கிலாந்து வங்கியின் கதை



உயர்தர வகுப்பில் ஒருநாள் பொருளும் சொல்லும் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. சொல்லுக்கும் அது குறிக்கும் பொருளுக்கும் இடையே உள்ள உறவை விளக்குவதற்காக நான் ஒரு நாணயத்தாளை உதாரணமாகக் காட்டினேன். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், இது வெறும் கடதாசிதானே! இதை ஏன் எல்லாரும் காசு எண்டு நம்புகினம்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. ஆனால் அந்தக் கேள்வி சிரித்துத் தள்ளிவிடக்கூடியதன்று. அந்த நம்பிக்கைக்கு ஒரு வீடு கட்டினால் அது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். அத்தகைய வீடு ஒன்று இலண்டன் மாநகரில் மெய்யாகவே கட்டப்பட்டது. அது எழுந்த கதையையும் வீழ்ந்த கதையையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

இலண்டனின் நடுவே திரெட்நீடில் வீதி என்றொரு தெரு உண்டு. நூலையும் ஊசியையும் குறிக்கும் இரு சொற்கள் சேர்ந்து அமைந்த பெயர் அது. அத்தெருவில் ஏறக்குறைய மூன்றரை ஏக்கர் நிலத்தைச் சுற்றி வளைத்து நிற்கின்றது ஒரு பெருமதில். தூண்கள் உண்டு, மாடக்குழிகள் உண்டு, வாயில்கள் உண்டு. ஆனால் தெருவை நோக்கி ஒரு யன்னல்கூட இல்லை. உள்ளே நடப்பது யாதென்று வழிப்போக்கன் எட்டிப் பார்க்க முடியாது. அதுவே இங்கிலாந்து வங்கியின் தலைமையகம்.

இவ்வங்கி பிறந்தது ஒரு யுத்தத்தின் காரணமாக. பிரான்சுடன் போர் புரிந்துகொண்டிருந்த மூன்றாம் வில்லியம் மன்னனுக்குப் பணம் தேவைப்பட்டது. அரசின் கையிலோ பணமில்லை. 1694 ஆம் ஆண்டில் வணிகர்களும் செல்வந்தர்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடி, நூற்றுக்கு எட்டு வட்டிக்கு 12 இலட்சம் பவுண் கடன் கொடுத்தனர். அவ்வாறு கடன் கொடுத்தவர்கள் ஒரு வங்கியாக இயங்குவதற்கு அரச பட்டயம் வழங்கப்பட்டது. அதன் முதலாவது ஆளுநர் சேர் ஜோன் ஹூப்ளோன். சமயத்தின் பெயரால் நிகழ்ந்த கொடுமைக்கு அஞ்சி லீல் நகரப் பகுதியிலிருந்து இங்கிலாந்துக்கு ஓடி வந்த ஒரு குடும்பத்தின் வழிவந்தவர் அவர். அகதிகளாய் வந்தவர்களின் சந்ததியில் தோன்றிய ஒருவர் ஒரு நாட்டின் கடன்பொறுப்பையே தாங்கும் பதவிக்கு உயர்ந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அக்காலத்தில் வங்கிக்குச் சொந்தக் கட்டடம் இருக்கவில்லை. பதினேழு எழுதுவினைஞர்களும் இரண்டு வாயிற்காவலர்களுமே அதன் ஆளணி. முதலில் துணி வணிகர் சங்கத்தின் மண்டபத்தில் சில மாதங்கள். பின்னர் மளிகை வணிகர் சங்கத்தின் மண்டபத்தில் நாற்பது ஆண்டுகள். இப்படி வாடகை வீட்டிலேயே அது வளர்ந்தது. ஹூப்ளோனின் வீடும் தோட்டமும் இருந்த நிலத்தை வங்கி பின்னாளில் விலைக்கு வாங்கிற்று. அங்கே ஜோர்ஜ் சாம்ப்சன் என்பவர் அமைத்த கட்டடத்தில் 1734 ஆம் ஆண்டில் வங்கி குடிபுகுந்தது. வங்கித் தொழிலுக்கென்றே திட்டமிட்டு எழுப்பப்பட்ட மிகப் பழைய கட்டடங்களில் அதுவும் ஒன்று.

அதன்பின் வந்தவர் ரொபேர்ட் டெய்லர். கிழக்கிலும் மேற்கிலும் சிறகுகள் போல அவர் கட்டடத்தை விரித்தார். பணிப்பாளர் சபை கூடுவதற்கென அழகியதொரு மண்டபத்தையும் அமைத்தார். அச்சபை மண்டபத்தில் 1805 இல் ஒரு விந்தையான கருவி பொருத்தப்பட்டது. அது நேரம் காட்டும் மணிக்கூடன்று. காற்றின் திசையைக் காட்டும் முகப்பு. கூரையின்மேல் உள்ள காற்றாடியுடன் அது இணைக்கப்பட்டிருந்தது. வங்கியாளருக்குக் காற்றின் திசை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கீழ்க்காற்று வீசினால் பாய்க்கப்பல்கள் தேம்ஸ் நதிவழியே இலண்டன் துறைக்கு ஏறி வரும். சரக்கு இறங்கும், வாங்குவோரும் விற்போரும் பணம் தேடி ஓடுவர். மேல்காற்றாயின் கப்பல்கள் வரமாட்டா. பணத்தின் தேவையும் குறையும். சுவரில் அசையும் ஒரு முள்ளைப் பார்த்து நாட்டின் பணப்புழக்கத்தைக் கணித்த காலம் அது.

யன்னலில்லாச் சுவருக்கு ஒரு சரித்திரம் உண்டு. டெய்லர் எழுப்பிய சிறகுகளிலேயே அத்தகைய சுவர்கள் இருந்தன. 1780 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கத்தோலிக்கருக்கு எதிராகக் கிளர்ந்த கும்பல் ஒன்று இலண்டனைச் சில நாட்கள் தீக்கிரையாக்கிற்று. கோர்டன் கலகம் என்று வரலாற்றில் பெயர்பெற்ற அக்கலகத்தில் வங்கியும் தாக்கப்பட்டது. படையினர் கும்பலைத் துரத்தினர். அன்று தொடங்கி வங்கியைக் காக்க ஒவ்வோர் இரவும் ஒரு படைப்பிரிவு அணிவகுத்து வந்தது. 1973 வரை, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், அந்த வழக்கம் நீடித்தது. வங்கியின் அருகே புனித கிறிஸ்தோபரின் பெயரால் ஒரு பழைய தேவாலயம் இருந்தது. அதன் கோபுரத்தில் ஏறிநின்று கலகக்காரர் வங்கியைச் சுடலாம் என்ற அச்சத்தால் அதுவும் இடிக்கப்பட்டது. அதன் மயானம் வங்கியின் உள்ளே ஒரு பூந்தோட்டமாயிற்று. அசாதாரண உயரம் படைத்த எழுதுவினைஞர் ஒருவர் 1798 இல் இறந்தபோது, பிணத்தைத் தோண்டி விற்கும் திருடருக்கு அஞ்சி அவரை அத்தோட்டத்திலேயே அடக்கம் செய்தனர். தங்கத்தைக் காத்த மதில் ஒரு சிற்றூழியனின் உடலையும் காத்தது.

டெய்லர் 1788 இல் காலமானார். அவரது இடத்துக்கு வந்தவர்தான் இக்கதையின் நாயகர், ஜோன் சோன். செங்கல் கட்டும் மேசன் ஒருவரின் மகனாக 1753 இல் பிறந்தவர். கலைக்கழகத்தின் புலமைப்பரிசில் பெற்று இத்தாலிக்குச் சென்று, உரோமரின் இடிபாடுகளைக் கண்ணாரக் கண்டு, அளந்து, வரைந்து திரும்பியவர். வங்கியின் கட்டடக்கலைஞராக அவர் பணியாற்றிய காலம் 45 ஆண்டுகள். ஒரு மனிதனின் முழு வாழ்வும் ஒரு கட்டடத்துள் அடங்கிவிட்டது எனலாம்.

சோன் பொறுப்பேற்றபோது டெய்லரின் மண்டபங்கள் சில ஒழுகத் தொடங்கியிருந்தன; மரத்தாலான கூரைகள் உளுத்துப் போயிருந்தன. வங்கியின் பங்குதாரர் வந்து கணக்குப் பார்க்கும் மண்டபத்தை 1790களின் தொடக்கத்தில் அவர் புதிதாகக் கட்டினார். கணக்கேடுகள் நிறைந்த இடத்துக்குத் தீயே முதற் பகை. ஆகவே மரத்தை விலக்கிச் செங்கல்லையும் கல்லையும் கொண்டே மேல்மாடத்தை வளைத்தார். பாரம் குறைய வேண்டுமென்பதற்காக வளைவுகளிலே உட்குழிந்த மண்குடுவைகளை அடுக்கிப் பூசினார். குயவனின் சக்கரத்தில் பிறந்த எளிய பொருள் ஒரு பேரரசின் கருவூலத்துக்குக் கூரையாயிற்று.

அடுத்த சிக்கல் வெளிச்சம். பாதுகாப்புக்காகத் தெருப்பக்கத்தில் யன்னல் வைக்க இயலாது; எழுதுவினைஞனுக்கோ வெளிச்சம் வேண்டும். சோன் வானத்தை நோக்கி யன்னலைத் திறந்தார். மாடத்தின் உச்சியில் கண்ணாடி பதித்த விளக்குக்கூடு போன்ற அமைப்புகளை எழுப்பி, அவற்றின் வழியே பகலொளியை இறக்கினார். வளைவுகளில் தவழ்ந்து, சுவர்களில் வழிந்து, கணக்கேட்டின்மீது அந்த ஒளி மென்மையாக விழுந்தது. அலங்காரத்தைக் குறைத்து, சுவரில் கீறிய கோடுகளாலேயே அழகு செய்தார். அக்காலத்துக் கண்களுக்கு அது புதுமை. சிலர் எள்ளி நகையாடவும் செய்தனர். பணக்கணக்கு எழுதும் இடத்தில் ஒரு வழிபாட்டு மண்டபத்தின் அமைதியைக் கொண்டுவந்தவர் அவர். இப்படி மண்டபத்தின் பின் மண்டபமாக, முற்றத்தின் பின் முற்றமாக ஒரு சிறிய நகரத்தையே மதிலுக்குள் அமைத்தார். வடமேற்கு மூலையில், இத்தாலியின் திவோலி நகரில் தாம் கண்ட வட்டவடிவான கோயிலை நினைவிற்கொண்டு ஓர் எழிலார்ந்த முகப்பைச் சமைத்தார்.

மதில் உயர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் உள்ளேயிருந்த நம்பிக்கைக்கு ஒரு பெருஞ்சோதனை வந்தது. 1797 பெப்ரவரியில் பிரெஞ்சுப் படையொன்று வேல்ஸ் கரையில் இறங்கிவிட்டது என்ற செய்தி பரவிற்று. மக்கள் தாள்களைக் கொடுத்துத் தங்கத்தைக் கேட்டு வங்கியை மொய்த்தனர். தாளுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்துமாறு அரசு கட்டளையிட்டது. ஜேம்ஸ் கில்ரே என்ற ஓவியர் உடனே ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். நாணயத்தாள்களையே ஆடையாக உடுத்த ஒரு கிழவி பணப்பெட்டியின்மேல் அமர்ந்திருக்கிறாள், பிரதம மந்திரி பிட் காதலிப்பவர்போல் அவளை அணைத்துக்கொண்டே அவளது பையில் கையை விடுகிறார், கிழவி கூச்சலிடுகிறாள். 'திரெட்நீடில் வீதிக் கிழவி' என்ற பட்டப்பெயர் அன்று தொட்டு வங்கிக்கு நிலைத்துவிட்டது.

ஆனால் அந்த நகைச்சுவையின் மறுபக்கம் கொடியது. தங்கம் மறைந்தபின் ஒரு பவுண், இரண்டு பவுண் தாள்கள் ஏழைகளின் கைகளிலும் புழங்கத் தொடங்கின. அவற்றைப் போலியாக ஆக்குவது எளிதாயிருந்தது. போலித்தாளை ஆக்கியவருக்கும் அறிந்தே மாற்றியவருக்கும் தூக்குத்தண்டனை. 1797 க்கும் 1821 க்கும் இடையில் 300 க்கும் மேற்பட்டோர் இவ்வாறு உயிரிழந்தனர். தூக்குமேடையில் மனிதர் தொங்கும் காட்சியையே ஒரு நாணயத்தாளின் வடிவில் வரைந்து 1819 இல் வெளியிட்டார் ஜோர்ஜ் குரூக்ஷாங்க். தாளுக்குப் பின்னால் தங்கம் இல்லாதபோது, அதன் மதிப்பைக் காக்கத் தூக்குக்கயிறு தேவைப்பட்டது. 1821 இல் தங்கம் மீண்டும் கொடுக்கப்பட்டது.

சோனின் திருப்பணி 1820களின் பிற்பகுதியில் நிறைவு நிலையை எய்திற்று. 1830 இல் ஓர் ஓவியம் கலைக்கழகக் கண்காட்சிக்கு வந்தது. சோனுடன் நெடுங்காலம் பணிசெய்த ஜோசப் கான்டி வரைந்தது அது. வங்கி முழுவதையும் வானத்துப் பறவையின் கண்கொண்டு காட்டுகின்றது அவ்வோவியம். ஆனால் கூரைகள் இல்லை. மாடங்கள் பிளந்து கிடக்கின்றன. உடைந்த உரோம நகரம்போல மண்டபங்கள் வெளிறித் தெரிகின்றன. உள்ளமைப்பைக் காட்டுவதற்காகக் கூரையை நீக்கி வரைந்ததா, காலத்தால் அழிந்த நிலையைக் கற்பனை செய்ததா என்று பார்ப்பவர் மயங்குவர். இரண்டும்தான் என்பது என் எண்ணம். உரோம் அழிந்தும் அதன் இடிபாடு பெருமை பேசுகின்றதல்லவா? தமது கட்டடமும் அப்படியொரு மாண்புடன் முதுமையுற்று வீழும் என்று சோன் நம்பியிருக்கலாம். நிகழ்ந்ததோ வேறு.

சோன் 1833 இல் வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றார். அதே ஆண்டில், தமது வீட்டையும் அதிலிருந்த கலைச்செல்வங்களையும் தமது மறைவின்பின் அப்படியே பேணவேண்டுமெனப் பாராளுமன்றத்தில் ஒரு தனிச்சட்டம் நிறைவேறச் செய்தார். 1837 இல் அவர் மறைந்தார். அந்த வீடு இன்றும் நூதனசாலையாக நிற்கின்றது. கான்டியின் ஓவியமும் அங்கேதான் உள்ளது. தமது வீட்டுக்குச் சட்டத்தின் காவலைத் தேடிய அவர், வங்கிக்கு அத்தகைய காவல் எதையும் தேடவில்லை. நாட்டிலேயே உறுதியான நிறுவனத்தின் இல்லத்தை யார் இடிக்கப் போகிறார்கள் என்று எண்ணினார் போலும்!

அடுத்து வந்த தொண்ணூறு ஆண்டுகளில் வங்கியின் வேலை பன்மடங்கு பெருகியது. 1894 முதல் பெண்களும் எழுதுவினைஞராகச் சேர்க்கப்பட்டனர். இலக்கிய அன்பர்களுக்கு ஒரு செய்தி: சிறுவர் இலக்கியத்தில் அழியாப் புகழ்பெற்ற 'த விண்ட் இன் த வில்லோஸ்' என்ற நூலை 1908 இல் வெளியிட்ட கென்னத் கிரஹாம், பத்தாண்டுகள் இவ்வங்கியின் செயலாளராக இருந்தவர். 1903 இல் புத்தி பேதலித்த ஒருவன் வங்கிக்குள் நுழைந்து அவரை நோக்கிச் சுட்டான். குண்டுகள் தவறின. ஆற்றங்கரையில் எலியும் தேரையும் உலாவும் அந்த இனிய உலகம் எங்களுக்குக் கிடைத்தது அந்தத் தப்பிய குண்டுகளால் என்று சொன்னால் தகும்.

முதலாம் உலக மகாயுத்தம் நாட்டின் கடனை மலைபோல் உயர்த்திற்று. கடனைப் பதிவுசெய்யவும் வட்டியைக் கணக்கிடவும் ஆயிரக்கணக்கானோர் தேவைப்பட்டனர். ஒற்றை மாடி மண்டபங்கள் அவர்களைத் தாங்கவில்லை. இடநெருக்கடி மெய், அதை மறுப்பதற்கில்லை. மொன்டேகு நோர்மன் ஆளுநராக இருந்த காலத்தில், ஹேர்பேர்ட் பேக்கர் என்ற கட்டடக்கலைஞரிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. புதுடில்லியில் எட்வின் லட்யன்ஸுடன் சேர்ந்து பணியாற்றி, அங்குள்ள தலைமைச் செயலகக் கட்டடங்களையும் வட்டவடிவான பழைய பாராளுமன்றத்தையும் அமைத்தவர் இவரே.

மதிலை ஒட்டிய சோனின் மண்டபங்களைக் காப்பாற்றலாம் என்றே பேக்கர் முதலில் திட்டமிட்டார். வேலை வளர வளர அந்த எண்ணம் கைவிடப்பட்டது. 1925 இல் தொடங்கிய இடிப்பும் கட்டுமானமும் 1939 வரை நீண்டன. சோனின் மண்டபங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. மண்குடுவை மாடங்கள் நொறுங்கின. மேலிருந்து வழிந்த ஒளிக்கு விழுவதற்கு இடமில்லாமற் போயிற்று. டெய்லரின் சபை மண்டபத்தைப் பெயர்த்தெடுத்து முதலாம் மாடியில் மறுபடி அமைத்தனர். மதிலுக்குள்ளே, நிலத்துக்கு மேல் ஏழு மாடிகளும் நிலத்துக்குக் கீழ் மூன்று மாடிகளுமாகப் புதிய கட்டடம் எழுந்தது. பேக்கர் திறமையற்றவர் அல்லர். சிற்பி சார்ள்ஸ் வீலரின் வெண்கலக் கதவுகளும் போரிஸ் அன்ரெப்பின் தரைச்சித்திரங்களும் அக்கட்டடத்தை அணிசெய்கின்றன. ஆயினும் கட்டடக்கலை வரலாற்றறிஞர் நிக்கோலஸ் பெவ்ஸ்னர், இருபதாம் நூற்றாண்டில் அந்நகருக்கு இழைக்கப்பட்ட ஆகப் பெரிய கட்டடக்கலைக் குற்றம் இதுவே என்ற கருத்துப்படக் கடிந்துரைத்தார்.

சோனின் கட்டடத்தில் எஞ்சியது என்ன? அந்த யன்னலில்லா மதில். அதிலும் சில மாற்றங்கள் செய்யப்பட்டன. எனினும் மதில் நின்றது. ஏன் அதை மட்டும் விட்டார்கள்? தெருவில் போகிறவன் காண்பது அதைத்தான். கிழவி அதே ஆடையில் அதே இடத்தில் இருக்கிறாள் என்று உலகம் நம்பவேண்டும். உள்ளே என்ன மாறினாலும் முகம் மாறக்கூடாது. 1797 இல் தங்கம் போயிற்று, தாள் நின்றது. 1925 இன்பின் மண்டபம் போயிற்று, மதில் நின்றது. இரண்டும் ஒரே தந்திரம் என்றே எனக்குத் தோன்றுகின்றது. 1931 இல் தாளுக்குத் தங்கம் தரும் வழக்கத்தையே பிரித்தானியா நிரந்தரமாகக் கைவிட்டபோது, பழைய மண்டபங்கள் இடிந்து கொண்டிருந்தன என்பது தற்செயலான ஒற்றுமைதான். ஆனாலும் பொருள் பொதிந்த ஒற்றுமை.

பின்னர் இரண்டாம் உலக மகாயுத்தம் வந்தது. 1941 ஜனவரி 11 ஆம் திகதி இரவு வங்கியின் வாசலருகேயுள்ள நிலக்கீழ்ப் புகையிரத நிலையத்தின்மீது ஒரு குண்டு விழுந்தது. குண்டுக்கு அஞ்சி அங்கே ஒதுங்கியிருந்தோர் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீதி பிளந்து பெரும் பள்ளமாயிற்று. வங்கிக் கட்டடமோ பெருஞ்சேதமின்றித் தப்பியது. நேயர்களே, குண்டு வீழ்ந்தால் கட்டடம் அழியும், தீ வைத்தால் அழியும் என்பதை எங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சோனின் மண்டபங்களை அழித்தவை அவை இரண்டும் அல்ல. கலகக்காரரால் முடியவில்லை, நெப்போலியனால் முடியவில்லை. சமாதான காலத்தில், நல்ல மேசையொன்றின் முன்னே, கற்றறிந்த கனவான்கள் கூடி, நியாயமான காரணங்களை அடுக்கி, நிதானமாக எடுத்த முடிவினால் அவை அழிந்தன. அழிவின் இந்த வடிவத்தைத்தான் நாம் எளிதில் அடையாளம் காண்பதில்லை.

1946 இல் வங்கி அரசுடைமையாயிற்று. 1988 இல் வங்கியின் வளாகத்திலேயே ஒரு நூதனசாலை திறக்கப்பட்டது. அதற்கென அவர்கள் கட்டியது எதை என்று நினைக்கின்றீர்கள்? சோனின் பழைய பங்குதாரர் மண்டபத்தை! அவர் பேணி வைத்த வரைபடங்களைக் கொண்டு, இடித்த மண்டபத்தையே அச்சொட்டாக மறுபடி எழுப்பினார்கள். அங்கே செல்பவர் அந்த வளைவுகளையும் மேலிருந்து இறங்கும் ஒளியையும் இன்று காணலாம். அது நல்ல முயற்சி; பாராட்டத்தக்கது. ஆயினும் அது நினைவுக்குச் செய்த உருவமேயன்றி, நினைக்கப்பட்ட பொருளன்று.

என் மாணவன் கேட்ட கேள்விக்கு அன்று வகுப்பில் சொன்ன விடை இதுதான்: எல்லோரும் நம்புவதனால் அது காசு, எல்லோரும் நம்பாதுவிட்டால் அது கடதாசி. இன்று அதனோடு இன்னொன்றைச் சேர்த்துச் சொல்வேன். இழந்த நம்பிக்கையை இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்தாவது வங்கி மீட்டுக்கொண்டது. நின்றுபோன தங்கம் மீண்டும் வந்தது. ஆனால் நாற்பத்தைந்து ஆண்டுகளாக ஒருவன் கையாலும் கண்ணாலும் இழைத்த மண்டபத்தை, எந்த வாக்குறுதியாலும் எந்தத் தங்கத்தாலும் அவ்வாறு மீட்க முடியவில்லை. எங்கள் ஊரில் எந்தப் பழைய கட்டடத்தையேனும் திருத்தப் புகும்போது, முகப்பு நிற்கின்றதா என்று மட்டும் பாராமல், உள்ளே சென்று அண்ணாந்து பார்ப்போமாக. ஒளி எங்கிருந்து வருகின்றது என்று அறிந்த பின்னரே கடப்பாரையை எடுப்போமாக.